மொட்டை மாடியின் நிழல் கணக்கு

பங்குனி வெயிலில் மாடியில் வடாம் பிழிகிறவர்களுக்கு யாரும் சொல்லித் தராமலே ஒரு கணக்கு தெரியும். காலை எட்டு மணிக்கு லிஃப்ட் அறைக்கு மேற்கே வேட்டியை விரித்தால் வெயில் வந்து சேர வெகுநேரமாகும். மாலை நாலு மணிக்குக் கிழக்குப் பக்கம் முழுக்க நிழல் ஏறிவிடும். தண்ணீர்த் தொட்டி, டிஷ் ஆன்டெனா, கைப்பிடிச் சுவர் என்று ஒவ்வொன்றும் எந்த நேரத்தில் எங்கே நிழல் போடும் என்பது மாடியில் புழங்குகிறவர்களின் மனத்தில் வரைபடமாகவே பதிந்திருக்கும். மாடியில் சோலார் பேனல் போட நினைக்கும் கட்டடத்துக்கு முதலில் தேவைப்படுவது அந்த அறிவுதான். எத்தனை பேனல், என்ன விலை என்ற கேள்விகளெல்லாம் அதற்குப் பிறகு.

சென்னையில் புரசைவாக்கமோ குரோம்பேட்டையோ, எந்தக் கடைத்தெருவில் நடந்தாலும் ஒரே ஜாடையில் கட்டடங்கள் தென்படும். கீழே மருந்துக் கடை, ஜெராக்ஸ் கடை, ஒரு ஏ.டி.எம். முதல் மாடியில் பல் மருத்துவமனையும் டியூஷன் சென்டரும். அதற்குமேல் மூன்று மாடிகளில் பன்னிரண்டு வீடுகள். மாடிப்படிக்கு அடியில் வரிசையாக மீட்டர்ப் பெட்டிகள். உச்சியில் 3,000 சதுர அடி மொட்டை மாடி. இப்படி ஒரு கட்டடத்தை உதாரணமாக வைத்துக்கொண்டால், சோலார் திட்டமிடலின் சிக்கல்களும் அழகுகளும் ஏறக்குறைய எல்லாமே அதில் அடங்கிவிடும்.

வெளிச்சம் வேண்டும், சூடு வேண்டாம்

கூரையில் சூரிய மின்கலம் வைப்பது புதிய யோசனை இல்லை. 1884-லேயே சார்லஸ் ஃப்ரிட்ஸ் என்பவர் நியூயார்க் நகரக் கூரை ஒன்றில் செலினியம் மின்கலங்களைப் பொருத்திப் பார்த்தார். விழுந்த வெளிச்சத்தில் நூற்றில் ஒரு பங்கு மின்சாரமானால் பெரிது. 1954-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் சாப்பின், ஃபுல்லர், பியர்சன் ஆகிய மூவர் சிலிக்கானில் செய்த மின்கலம் அதை 6 சதவீதத்துக்குக் கொண்டுவந்தது. இன்று கடையில் கிடைக்கும் பேனல்கள் 20 முதல் 22 சதவீதம் வரை தருகின்றன.

மீதி என்ன ஆகிறது? ஒளித்துகள் ஒன்று சிலிக்கானில் மோதி ஓர் எலக்ட்ரானை விடுவிக்க வேண்டுமானால், அதற்குக் குறைந்தபட்சம் சுமார் 1.1 எலக்ட்ரான்வோல்ட் ஆற்றல் வேண்டும். அதற்குக் குறைவாக உள்ள அகச்சிவப்புக் கதிர்களால் பயன் இல்லை. அதிகமாக உள்ள நீல, ஊதாக் கதிர்களோ எலக்ட்ரானை விடுவித்ததுபோக மிச்ச ஆற்றலைச் சூடாக மாற்றிவிடுகின்றன. ஒற்றை அடுக்கு மின்கலம் எவ்வளவுதான் முயன்றாலும் சுமார் 33 சதவீதத்தைத் தாண்ட முடியாது என்பது, இயற்பியலாளர்கள் ஷாக்லியும் குவைசரும் 1961-ல் வகுத்துத் தந்த கணக்கு முறையின் முடிவு.

அப்படி உண்டாகும் சூடுதான் பேனலுக்குப் பகை. அக்னி நட்சத்திரம் வந்தால் சோலார் கொட்டோ கொட்டென்று கொட்டும் என்று பலர் நம்புகிறார்கள். ஆனால் பேனலின் மேல் எழுதியிருக்கும் 550 வாட் என்ற எண், மின்கலத்தின் வெப்பநிலை 25 டிகிரி செல்சியஸாக இருக்கும்போது சோதனைக்கூடத்தில் அளந்தது. அதற்குமேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் உற்பத்தி சுமார் 0.35 சதவீதம் குறையும். சென்னை மாடியில் நடுப்பகலில் மின்கலம் 65 டிகிரியைத் தொடுவது சாதாரணம். 40 டிகிரி கூடுதல் என்றால் 14 சதவீத இழப்பு. 550 வாட் பேனல் அந்த நேரத்தில் 475 வாட் தந்தாலே நல்லது. அதனால்தான் பேனலைத் தரையோடு ஒட்டிப் படுக்கவைக்காமல், அடியில் காற்று ஓட இடம் விட்டுத் தூக்கி நிறுத்துகிறார்கள்.

இந்த ஏற்பாட்டால் கீழ்வீட்டுக்கும் லாபம் உண்டு. பேனல் நிழலில் இருக்கும் கூரைவழியாகக் கட்டடத்துக்குள் இறங்கும் வெப்பம் சுமார் 38 சதவீதம் குறைந்ததாகக் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சான் டியேகோ வளாக ஆய்வாளர்கள் 2011-ல் அளந்து சொன்னார்கள். மேல்மாடி வீட்டில் இரவு பதினொரு மணிக்கும் சீலிங்கிலிருந்து அனல் இறங்குவதை அனுபவித்தவர்களுக்கு இந்த எண்ணின் அருமை புரியும்.

சாக்பீஸும் டேப்பும்

சென்னை 13 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. ஏப்ரல் கடைசி வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாவது வாரத்திலும் உச்சிப்பொழுதில் சூரியன் நேர் தலைக்குமேல் வரும். நட்டுவைத்த கம்பத்துக்கு நிழலே விழாது. இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட மாதங்களில் மதிய நிழல் தெற்கே சாயும். ஆண்டின் மற்ற காலமெல்லாம் வடக்கே சாயும். டிசம்பர் 21 வாக்கில் அது உச்சத்துக்குப் போகும்.

பத்தடி உயர லிஃப்ட் அறைக்கு ஜூன் மாத உச்சிப்பொழுதில் தெற்கே விழும் நிழல் இரண்டு அடிகூட இருக்காது. அதே அறை டிசம்பர் 21 மதியம் வடக்கே ஏழடிக்குமேல் நிழல் நீட்டும். அன்று காலை ஒன்பது மணிக்கு வடமேற்கே சுமார் பதினைந்து அடி. பிற்பகல் மூன்று மணிக்கு வடகிழக்கே அதே நீளம். பேனலுக்கு இடம் குறிக்கும்போது இந்த டிசம்பர் நிழலைத்தான் அளவுகோலாகக் கொள்ள வேண்டும். காலை ஒன்பதிலிருந்து மாலை மூன்றுவரை டிசம்பரிலும் நிழல் படாத இடமே பேனலுக்கு உரிய இடம். கையில் ஒரு டேப்பும் சாக்பீஸும் இருந்தால் போதும். செலவில்லாமல் இதைக் குறித்துவிடலாம்.

இத்தனை கறார் எதற்கு? பண்டிகைக்குத் தொங்கவிடும் சீரியல் செட்டில் ஒரு பல்பு போனால் வரிசையே அணையும். பேனலுக்குள் மின்கலங்களும், பேனலோடு பேனலும் அப்படித்தான் தொடராகக் கோக்கப்பட்டிருக்கின்றன. நிழலில் இருக்கும் ஒரு மின்கலம், தன் வழியே போகும் மின்னோட்டம் முழுவதையும் இழுத்துப் பிடிக்கும், தானும் சூடாகும். அதைத் தடுக்க ஒவ்வொரு பேனலின் பின்பக்கமும் வழக்கமாக மூன்று பைபாஸ் டயோடுகள் இருக்கும். ஓர் அரச இலை ஒட்டிக்கொண்டாலும், காக்கை எச்சம் கெட்டியாகப் படிந்தாலும், அந்தப் பகுதியைத் தாண்டி மின்னோட்டம் போக டயோடு வழிவிடும். ஆனால் பேனலின் மூன்றில் ஒரு பங்கு அப்போது வேலை செய்யாது. உள்ளங்கையளவு நிழலுக்கு இவ்வளவு பெரிய விலை.

பேனல்கள் தெற்கு நோக்கி, அட்சரேகைக்குச் சமமான சாய்வில் இருந்தால் ஆண்டு முழுவதற்குமான விளைச்சல் நன்றாக இருக்கும். சென்னைக்கு அது 13 டிகிரி. மழைநீர் தூசியைக் கழுவிக்கொண்டு வழிய இந்தச் சாய்வு போதும். சாய்வு குறைவு என்பதால் ஒரு வரிசையின் நிழல் அடுத்த வரிசைமேல் விழாமலிருக்க ஒன்றே முக்கால் அடி இடைவெளி விட்டாலே சரியாகிவிடும். டெல்லியில் அதே பேனலை அந்த ஊருக்கு ஏற்ற 28 டிகிரியில் நிறுத்தினால் ஆறடி விட வேண்டியிருக்கும். நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் சென்னை மாடிகளுக்குக் கிடைத்திருக்கும் கொடை இது.

உதாரணக் கட்டடத்தின் 3,000 சதுர அடியில் லிஃப்ட் அறை, மாடிப்படி அறை, தண்ணீர்த் தொட்டி, அவற்றின் டிசம்பர் நிழல், பேனலைத் துடைக்கவும் தீயணைப்பு வீரர்கள் நடக்கவும் மூன்றடிப் பாதை எல்லாம் போகப் பாதி மிஞ்சும் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரு கிலோவாட்டுக்கு நூறு சதுர அடி என்பது இந்தத் தொழிலில் வழங்கும் வாய்ப்பாடு. 550 வாட் பேனல்கள் 28, மொத்தம் 15.4 கிலோவாட். ஒரு கிலோவாட்டுக்கு ஆண்டுச் சராசரியாக நாளொன்றுக்கு நாலு யூனிட் என்று எடுத்தால் தினமும் 60 யூனிட்டுக்குக் குறையாது. மாசி, பங்குனியில் இதற்குமேல் வரும். ஐப்பசி, கார்த்திகையின் அடைமழை நாட்களில் பாதிகூட வராமல் போகலாம்.

28 கிலோவைத் தூக்கும் காற்று

ஒரு பேனல் சுமார் 28 கிலோ. இருபத்தெட்டுப் பேனலும் சேர்ந்தால் 800 கிலோவுக்குள். ஆட்கள் புழங்கும் கான்கிரீட் மாடியைச் சதுர மீட்டருக்கு 150 கிலோ தாங்கும்படி வடிவமைப்பது இந்திய நியதி. எனவே சரியாகக் கட்டிய மாடிக்கு இந்த எடை ஒரு பொருட்டே இல்லை. கவலைப்பட வேண்டியது மேலே தூக்கும் விசையைப் பற்றி.

இந்தியத் தரநிலை 875 என்ற ஆவணத்தின்படி சென்னையில் கட்டுமானங்கள் நொடிக்கு 50 மீட்டர், அதாவது மணிக்கு 180 கிலோமீட்டர் அடிப்படைக் காற்று வேகத்துக்குத் தாங்க வேண்டும். அந்த வேகத்தில் காற்றின் அழுத்தம் சதுர மீட்டருக்கு சுமார் 150 கிலோ. இரண்டரைச் சதுர மீட்டருக்குச் சற்று அதிகமான ஒரு பேனலின்மேல் அது செலுத்தும் விசை ஏறக்குறைய 390 கிலோ. 28 கிலோ பேனலை 390 கிலோ விசை தூக்கப் பார்க்கிறது என்றால், அதைப் பிடித்து நிறுத்துவது முழுக்க முழுக்கக் கால்களும் போல்ட்டுகளும்தான். 2016 டிசம்பர் 12-ம் தேதி வர்தா புயல் கரையைக் கடந்த பகலில் ஆயிரக்கணக்கான மரங்கள் வேரோடு சாய்ந்ததை மறக்காத நகரம் இது. காலிலோ போல்ட்டிலோ குறைத்து மிச்சம் பிடிப்பது, அடுத்தவர் தலைமேல் கண்ணாடிப் பலகையைத் தொங்கவிடுவதற்குச் சமம்.

கால்களை மாடியில் ஊன்றும் இடத்தில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. நம் ஊர் மாடிகளின் மேல்பரப்பு வெறும் கான்கிரீட் இல்லை. அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இடித்த ஒரு படுகை, அதற்குமேல் தட்டோடு. மழைநீரைத் தடுப்பது இந்த அடுக்குகள்தான். டிரில் போட்டுத் தட்டோட்டைத் துளைத்து போல்ட் இறக்கினால், அடுத்த மழைக்காலத்தில் கீழ்வீட்டுச் சுவரில் ஈரம் படரும். எனவே தளத்தின்மேல் கான்கிரீட் மேடைகளை வார்த்து, காற்றின் தூக்குவிசையை அவற்றின் எடையே சமாளிக்கும்படி கணக்குப் போடுவது பாதுகாப்பான வழி. துளைத்தே ஆக வேண்டிய இடத்தில் நீர்த்தடுப்பைப் புதிதாகச் செய்துவிட்டுத்தான் கால் ஊன்ற வேண்டும். பேனல் 25 ஆண்டுகள் இருக்கப்போகிறது. ஒழுகும் மாடியின்மேல் அதை நிறுத்திவிட்டால் பிறகு மாடியைப் பழுதுபார்ப்பது பெரும்பாடு. மரச்சட்டமும் குத்துச்செங்கலும் வைத்துக் கட்டிய பழைய மெட்ராஸ் டெரஸ் கூரையாக இருந்தால், கட்டுமானப் பொறியாளர் பார்த்துச் சொல்லாமல் ஓர் ஆணிகூட அடிக்கக் கூடாது.

கடற்காற்று அடிக்கும் ராயபுரத்திலும் பெசன்ட் நகரிலும் சாதாரண இரும்புக் கால்கள் சில ஆண்டுகளிலேயே துருவேறும். சூடான துத்தநாகக் குழம்பில் முக்கி எடுத்த இரும்போ அலுமினியமோதான் அங்கே நிற்கும்.

பகல் யாருடையது, இரவு யாருடையது

இனிதான் கலப்புக் கட்டடத்தின் உண்மையான பலம் தெரியவரும். தனி வீட்டு மாடியில் பேனல் போட்டால், பகல் பன்னிரண்டு மணிக்கு மின்சாரம் பொங்கும்போது வீட்டில் ஆள் இருக்காது. ஆபீஸும் பள்ளியும் முடிந்து எல்லோரும் திரும்பி ஏ.சி. போடும்போது சூரியன் மறைந்திருக்கும். கடையும் வீடும் கலந்த கட்டடத்தில் இந்த முரண் தணிகிறது. ஏ.டி.எம். அறையின் ஏ.சி. இருபத்து நாலு மணி நேரமும் ஓடுகிறது. மருந்துக் கடையின் ஃப்ரிட்ஜில் இன்சுலின் இருக்கிறது. அதை நிறுத்தவே முடியாது. ஜெராக்ஸ் இயந்திரம் காலை பத்திலிருந்து மாலைவரை சுற்றுகிறது. பல் மருத்துவரின் கம்ப்ரஸர் பத்து முதல் ஒரு மணிவரை வேலை செய்கிறது. வெயில் ஏறும்போது தேவையும் ஏறுகிறது.

இன்னும் ஒரு படி மேலே போகலாம். பெரும்பாலான கட்டடங்களில் வாட்ச்மேன் விடியற்காலை ஐந்து மணிக்கு மோட்டார் போட்டு மாடித் தொட்டியை நிரப்புவார். தொட்டியின் கொள்ளளவு இடம் கொடுத்தால் அந்த வேலையைப் பகல் பதினொரு மணிக்கு மாற்றலாம். வெயிலில் கிடைத்த மின்சாரம் தண்ணீராக மேலே ஏறி, மறுநாள் காலைக் குளியல்வரை அங்கேயே காத்திருக்கும். பைசா செலவில்லாத பேட்டரி அது.

பொது இடங்களில் இந்தப் பொருத்தம் எப்படி வேலை செய்கிறது என்பதற்குச் சென்னை சென்ட்ரல் ரயில் நிலையம் கண்முன் நிற்கும் சான்று. அதன் நடைமேடைக் கூரைகள்மேல் 1.5 மெகாவாட் அளவுக்குப் பேனல்கள் பொருத்தப்பட்டு, பகல்நேரத் தேவை முழுவதும் சூரிய மின்சாரத்தால் நிறைவேறுவதாக 2021-ல் ரயில்வே அறிவித்தது.

ஒரு மாடி, பல மீட்டர்கள்

ரயில் நிலையத்துக்கு உடைமையாளர் ஒருவர். கடைத்தெருக் கட்டடத்துக்கோ பதினைந்துக்குமேல் மீட்டர்கள். பெரும்பாலான அடுக்குமாடிகளில் மொட்டை மாடி எல்லோருக்கும் பொது. நிலத்தில் ஒவ்வொருவருக்கும் இருக்கும் பிரிக்கப்படாத பங்கைப்போலவே வெயிலிலும் பங்கு உண்டு. ஆனால் ஒரு சோலார் அமைப்பை ஒரு மின் இணைப்போடுதான் சேர்க்க முடியும். எந்த மீட்டரோடு என்பதைத் தீர்மானிக்காமல் பேனலுக்கு முன்பணம் கொடுப்பது சண்டைக்கு வித்திடும்.

கட்டண விவரம் தெரிந்தால் முடிவெடுக்க எளிது. தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். அதற்குமேல் படிப்படியாக விலை ஏறும். 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அட்டவணையே மாறிவிடும். குறைவாகச் செலவழிக்கும் சிறு குடும்பத்துக்குச் சோலாரால் மிச்சமாவது சொற்பம். கடைகளின் வணிக இணைப்புக்கு யூனிட் விலை கூடுதல். அங்கே ஒவ்வொரு யூனிட்டும் நல்ல பணம். லிஃப்ட், மோட்டார், படிக்கட்டு விளக்குகளுக்கான பொது இணைப்புக்கு 2022 கட்டண மாற்றத்திலிருந்து தனி வகை இருக்கிறது.

விதிகளும் வகைக்கு வகை வேறுபடுகின்றன. 2021-ல் தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் வகுத்த விதிகள், யூனிட்டுக்கு யூனிட் கழிக்கும் நெட் மீட்டரிங் முறையை வீட்டு இணைப்புகளுக்கு அளித்தன. மற்ற வகையினர் உபரியை அதற்கென்று நிர்ணயித்த விலைக்கு விற்கலாம். சோலாரின் அளவு அந்த இணைப்புக்கு அனுமதித்த மின்பளுவைத் தாண்டக் கூடாது. 2024-ல் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டம் தனி வீட்டுக்கு அதிகபட்சம் 78,000 ரூபாயும், குடியிருப்போர் சங்கங்களின் பொதுப் பயன்பாட்டுக்குக் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாயும் மானியம் தருகிறது. கடைகளுக்கு அது கிடையாது.

ஆக, உபரி அதிகமிருந்தால் வீட்டு மீட்டர் லாபம். பகலிலேயே தீர்ந்துவிட்டால் கடை மீட்டர் லாபம். எல்லோரும் சமமாகப் பயன்பெற வேண்டுமானால் பொது மீட்டர். உதாரணக் கட்டடத்தில் பொது மீட்டருக்கு ஒன்று, கடைகளுக்கு இன்னொன்று என்று மாடியைப் பிரித்துக்கொள்வதும் ஒரு வழி. டெல்லியில் 2019 முதல், ஓர் இடத்தில் விளையும் மின்சாரத்தைப் பல மீட்டர்களுக்குக் கணக்கில் பங்கிட விதி இருக்கிறது. ஜெர்மனி 2017-ல் வாடகைக் குடியிருப்போருக்காகவே ஒரு சட்டம் கொண்டுவந்தது. பொது மாடிகள் நிறைந்த நகரங்களுக்கு இத்தகைய விதிகள் மிக அவசியம்.

கரண்ட் போனால்?

பேனல் போட்ட பலரும் முதல் மின்வெட்டில் திகைத்துப்போகிறார்கள். வெளியே வெயில் கொளுத்துகிறது. வீட்டில் ஃபேன் ஓடவில்லை. ஈ.பி. லைன் செத்ததும் சோலார் இன்வெர்ட்டர் நொடிப்பொழுதில் தன்னை நிறுத்திக்கொள்ள வேண்டும் என்பது விதி. நிறுத்தாவிட்டால், லைனில் கரண்ட் இல்லை என்று நம்பிக் கம்பத்தில் ஏறும் ஊழியரின் உயிருக்கு அந்த மாடியிலிருந்து ஆபத்து போகும். மின்வெட்டிலும் வெயிலைப் பயன்படுத்த வேண்டுமானால் பேட்டரியோடு சேர்ந்த ஹைப்ரிட் இன்வெர்ட்டர் வேண்டும். கட்டடத்தில் டீசல் ஜெனரேட்டர் இருந்தால், சோலார் மின்சாரம் அதற்குள் பின்னோக்கிப் பாயாதபடி தனிக் கட்டுப்பாட்டுக் கருவியும் தேவை.

பதினாலு பேனலைத் தொடராகக் கோத்தால் 700 வோல்ட் நேர்மின்சாரம். வீட்டுக்கு வரும் மாறுமின்னோட்டம் நொடிக்கு நூறு முறை பூஜ்ஜியத்தைத் தொட்டு மீளும். தளர்ந்த இணைப்பில் பொறி கிளம்பினாலும் அந்தக் கணத்தில் அணைய வாய்ப்புண்டு. நேர்மின்சாரத்துக்கு அந்த ஓய்வே இல்லை. கிளம்பிய பொறி நின்று எரியும். ஆகவே சரியான ஒயர், இறுக்கமான கனெக்டர், மாடியிலேயே ஒரு துண்டிப்பு ஸ்விட்ச், ஒழுங்கான எர்த், இடிதாங்கி இவற்றில் எதிலும் பேரம் பேசக் கூடாது.

பராமரிப்பு எளிது, ஆனால் அதிலும் ஊருக்கேற்ற விவேகம் வேண்டும். பேனலை விடியலிலோ சாயங்காலமோ கழுவ வேண்டும். உச்சிவெயிலில் காய்ந்த கண்ணாடியில் குளிர்ந்த நீர் பட்டால் விரிசல் விடலாம். போர் தண்ணீரில் கழுவினால் காய்ந்ததும் வெள்ளை உப்புப் படலம் நிற்கும். அதுவும் ஒருவகை நிழல்தான். மழைநீரைப் பிடித்து வைத்திருக்கும் கட்டடத்துக்கு இதிலும் நிம்மதி.

பக்கத்து மனை காலியாக இருந்தால் அதையும் ஒரு பார்வை பார்த்துவிட வேண்டும். நாளை அங்கே ஐந்து மாடி எழும்பினால், இன்று சாக்பீஸில் போட்ட கோடுகள் மாறிவிடும். மேற்கே காலி மனை என்றால் பேனல்களைக் கிழக்கு ஓரமாகத் தள்ளிப் போடுவது முன்யோசனை.

லிஃப்ட் அறைக்கு வடக்கே ஒரு பட்டை மட்டும் எந்தத் திட்டத்திலும் காலியாகவே மிஞ்சும். டிசம்பரில் அங்கே ஏழடி நிழல் விழும் என்பதால் பேனலுக்கு ஆகாத இடம். ஆனால் பங்குனி பிறந்ததும் மதிய நிழல் அங்கே மூன்று அடிக்குள் சுருங்கிவிடும். சித்திரையில் அதுவும் இருக்காது. வேட்டியை விரித்து, நாலு மூலையிலும் கல் வைத்து, வடாம் பிழிய அந்த இடம் தாராளமாகப் போதும்.